அனுபவம் பாரம் தாங்காது

"வேலை எடுத்தவருக்குத் தெரியாதா?" சென்னை வேளச்சேரியில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் குடும்பங்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டே தங்கள் சந்தேகத்தை அடக்கிக்கொள்கின்றன. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நிற்கும் சுவரை எடுக்கலாமா, மொட்டைமாடியில் இன்னொரு தளம் போடலாமா, பில்லரைக் கொத்திக் குழாய் விடலாமா என்று வீட்டுக்காரர் தயங்கும்போதெல்லாம் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். மேஸ்திரி முப்பது வருஷமாகக் கட்டுகிறவர், கான்ட்ராக்டர் எத்தனையோ வீடு பார்த்தவர், அவர்களிடம் விட்டுவிடு, தனியாக ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டால் காசுதான் கரையும். இந்தக் கருத்து தவறு. உயிர்களைப் பணயம் வைக்கும் தவறு.

மறுப்பதற்கு முன் அந்தக் கருத்துக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். சென்னையின் தனிவீடுகளில் பெரும்பகுதி மேஸ்திரிகளின் கையில் எழுந்தவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த மெட்ராஸ் டெரஸ் கூரைகள் எந்தப் பொறியாளரின் கணக்கும் இல்லாமல் தலைமுறைகளைத் தாண்டியிருக்கின்றன. இன்னொரு பக்கம், இடத்தை எட்டிப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுத் தரும் இன்ஜினியர்களும் இருக்கிறார்கள். வங்கிக் கடனில் வீட்டைச் சீர்படுத்தும் குடும்பத்துக்கு ஒவ்வோர் ஆயிரமும் பெரிது. ஆகவே இந்தக் கருத்தை வெறும் அறியாமை என்று தள்ள முடியாது. அதன் ஒவ்வொரு காலையும் தனித்தனியாக எடுத்து, அது எதன் மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

1. முப்பது வருஷ அனுபவம் எதைக் கற்றுத் தருகிறது?

கையைத் தேர்ச்சியாக்குகிறது. தூக்குக்குண்டு பிசகாமல் சுவர் எழுப்பவும், கலவையின் பதத்தைக் கண்ணால் அறியவும், பூச்சை மட்டப்பலகை வைத்ததுபோல் இழுக்கவும் நல்ல கொத்தனாரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு பீம் தன் வலிமையில் எத்தனை பங்கைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பதை எவ்வளவு காலம் உற்றுப் பார்த்தாலும் சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. செய்த வேலையின் விளைவு செய்தவருக்குத் திரும்பி வந்தால்தான் அது அனுபவமாகும். தோசை கருகினால் அடுத்த தோசைக்கு அடுப்பைக் குறைக்கிறோம். கட்டடத்தில் அப்படி நடப்பதில்லை. மேஸ்திரி நான்கைந்து மாதத்தில் வேலையை முடித்து அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார். பத்தாண்டு கழித்து அந்த பீம் வளைந்ததா, பில்லரின் அடியில் கம்பி துருத்திக்கொண்டு வந்ததா என்பது அவர் காதுக்கு எட்டுவதேயில்லை. தவறாகச் செய்த நூறு வீடும் சரியாகச் செய்த நூறு வீடும் அவர் நினைவில் ஒன்றுபோலவே இருக்கும்.

மெட்ராஸ் டெரஸ் கட்டியவர்களின் நிலை வேறு. ஒரே பொருள், ஒரே இடைவெளி, ஒரே முறை என்று தலைமுறை தலைமுறையாக ஒன்றையே கட்டினார்கள். பிழை எங்கே வரும் என்பது அந்த மரபுக்கே தெரிந்திருந்தது. இன்றைய புதுப்பித்தல் வேலையில் பழைய செங்கல் சுவரோடு புதிய ஸ்டீல் பீமும், பழைய காங்கிரீட்டோடு புதிய காங்கிரீட்டும் ஒட்டப்படுகின்றன. ஒவ்வொரு வீடும் ஒரு புதிய சிக்கல். நேற்றைய வீட்டின் விடை இன்றைய வீட்டுக்குப் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை.

2. "இதுவரை ஒன்றும் ஆகவில்லையே" என்பது சான்றாகாது.

கட்டடங்கள் ஏன் உடனே விழுவதில்லை? வடிவமைப்பிலேயே ஒரு சேமிப்பு வைக்கப்படுகிறது. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456-இன்படி, வழக்கமாக வரக்கூடிய பாரத்தை ஒன்றரை மடங்காக்கிக் கணக்கிடுகிறார்கள். காங்கிரீட்டின் வலிமையை 1.5-ஆலும் கம்பியின் வலிமையை 1.15-ஆலும் வகுத்துக் குறைத்தே எடுத்துக்கொள்கிறார்கள். கவனமில்லாமல் எடுக்கப்படும் ஒவ்வொரு சுவரும், கொத்தப்படும் ஒவ்வொரு பில்லரும், கணக்கில்லாமல் ஏற்றப்படும் ஒவ்வொரு தண்ணீர்த் தொட்டியும் இந்தச் சேமிப்பிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கின்றன. தீரும்வரை வெளியே எதுவும் தெரியாது.

சியோல் நகரின் சம்பூங் பல்பொருள் அங்காடியில் நடந்தது இதுதான். மூலத் திட்டத்தில் இல்லாத ஐந்தாம் தளம் சேர்க்கப்பட்டது, தூண்கள் மெலிதாக்கப்பட்டன, கூரையில் கனமான ஏ.சி. இயந்திரங்கள் ஏறின. மாற்றங்களைச் செய்ய மறுத்த கான்ட்ராக்டரை விலக்கிவிட்டு உரிமையாளர் தன் சொந்த நிறுவனத்தையே வைத்துக் கட்டினார். கட்டடம் ஐந்தாண்டு அளவுக்கு நின்றது. அந்த ஐந்தாண்டில் எந்த நாளில் கேட்டிருந்தாலும் "ஒன்றும் ஆகவில்லையே" என்றுதான் பதில் வந்திருக்கும். 1995 ஜூன் 29 அன்று அது இடிந்து விழுந்தபோது 502 பேர் இறந்தனர்.

3. "வெறும் சுவர்தானே" என்று சொல்ல யாருக்குத் தகுதி இருக்கிறது?

எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, எது வெறும் தடுப்பு என்று தெரிந்தவருக்கு மட்டும். வேளச்சேரியின் பழைய தனிவீடுகளில் பல, பில்லர் இல்லாமல் ஒன்பது அங்குலச் சுவர்களின் மேலேயே தளத்தை ஏற்றியவை. பத்தடி நீளமும் பத்தடி உயரமும் உள்ள அப்படிப்பட்ட ஒரு சுவரின் எடை மட்டுமே ஏறத்தாழ நான்கு டன். அதன் மேல் தளம், மாடிச் சுவர், தொட்டி, ஆட்கள். சுவரை எடுத்தால் இத்தனை டன்னும் வேறு வழி தேட வேண்டும்.

"பீம் கொடுத்துவிட்டோம்" என்கிறார் கான்ட்ராக்டர். பீம் எத்தனை அங்குல ஆழம்? அதன் இரு முனைகளும் எதன் மேல் உட்காருகின்றன? சுவர் முழுவதும் பரவியிருந்த பாரம் இப்போது இரண்டே இடங்களில் குவிகிறதே, அங்கே காங்கிரீட் பெட் பிளாக் இருக்கிறதா, அதன் கீழே அஸ்திவாரம் தாங்குமா? புதிய பீமுக்கும் பழைய தளத்துக்கும் இடையிலுள்ள சந்து இறுக அடைக்கப்பட்டதா? முட்டு கொடுத்துத் தளத்தைத் தாங்கிய பிறகுதான் சுவர் உடைக்கப்பட்டதா? இவற்றில் ஒன்றுக்குக்கூட "பார்த்துக்கலாம் சார்" பதிலாகாது.

மும்பை காட்கோபரில் 2017 ஜூலை 25 அன்று சித்தி சாய் என்ற நான்கு மாடிக் குடியிருப்பு இடிந்து 17 பேர் இறந்தனர். அதன் தரைத்தளத்தில், முன்பு மருத்துவமனையாக இருந்த இடத்தில், புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே தூண்களில் கைவைத்ததே காரணம் என்று குடியிருந்தவர்கள் குற்றம் சாட்டினார்கள். தரைத்தளத்தின் உரிமையாளர் கைதானார். இறந்தவர்கள் அந்தப் புதுப்பித்தலுக்குச் சம்மதம் கொடுத்தவர்கள் இல்லை.

4. "ஒரு மாடிதானே" என்பதன் எடையைப் போட்டுப் பாருங்கள்.

எண்ணூறு சதுர அடியில் ஐந்து அங்குலத் தளம் போட்டால் காங்கிரீட் மட்டும் 23 டன். வெளிச்சுவர், உட்சுவர், பீம், தரைப்பூச்சு எல்லாம் சேர்ந்தால் எழுபது டன்னைத் தாண்டும். இந்த எடையை முன்பு எவரோ ஒரு மாடிக்கென்று போட்ட அஸ்திவாரத்தின் தலையில் வைக்கிறோம்.

வேளச்சேரியில் இந்த ஆபத்துக்கு ஊரே ஒரு காரணம் தருகிறது. கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் சில அடியிலேயே பாறை தட்டும். ஏரியையும் பள்ளிக்கரணைச் சதுப்பையும் ஒட்டிய பக்கம் களிமண். மழையில் ஊறி உப்பி, கோடையில் வற்றிச் சுருங்கும் மண் அது. ஒரே பேட்டையில் ஒரு தெருவின் அனுபவம் அடுத்த தெருவுக்கு உதவாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பலர் தரையை மண் கொட்டி உயர்த்துகிறார்கள். கூரை தாழ்ந்துபோவதால் மேலே ஒரு தளம் போட்டு அங்கே குடியேறுகிறார்கள். சிலர் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். வெள்ளத்துக்குப் பயந்து செய்யும் வேலை நியாயமானது. ஆனால் அந்த வேலைக்குத்தான் மண் பரிசோதனையும் அஸ்திவாரக் கணக்கும் மற்ற எதையும்விட அதிகமாகத் தேவை.

மொட்டைமாடியில் "பின்னால் உதவும்" என்று விட்டுவைத்த கம்பிகளையும் சொல்ல வேண்டும். பதினைந்து மழைக்காலம் நனைந்து, செதில் செதிலாகத் துரு உதிரும் அந்தக் கம்பியோடு புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்டிப் பில்லரை எழுப்புகிறார்கள். துரு தின்றதுபோக எத்தனை எம்.எம். மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்ப்பவர் அரிது.

5. "கம்பி கூடவே போட்டிருக்கோம்" என்பது பலத்துக்கு உறுதி ஆகாது.

கம்பியின் அளவைவிட அது இருக்கும் இடம் முக்கியம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் இழுவிசை மேற்புறத்தில் வருகிறது. கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். காங்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அதன் மேல் நடந்து இரண்டு அங்குலம் மிதித்து இறக்கிவிட்டால், ஐந்து அங்குலத் தளத்தில் பயன்படும் ஆழம் பாதியாகிவிடுகிறது. கம்பியை எவ்வளவு நெருக்கிக் கட்டியிருந்தாலும் அந்த இழப்பு ஈடாகாது. பீமில் அளவுக்கு மீறிக் கம்பியைத் திணித்தால் இன்னொரு ஆபத்து: வளைந்து எச்சரிக்கை கொடுக்காமல் காங்கிரீட் நொறுங்கித் திடீரென விழும்.

பழைய பில்லரில் துளையிட்டுப் புதுக் கம்பியைப் பசை வைத்துச் செருகுவது புதுப்பித்தலில் அன்றாட வேலை. துளையைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, தூசியை ஊதி எடுக்காமல் பசையை விட்டால் கம்பி பிடித்திருப்பது தூசியை மட்டும்தான். முட்டு பிரிப்பதிலும் இதே அவசரம். ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்சக் காலம்: 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குச் சொன்ன கணக்கு. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு இன்னும் பொறுமை வேண்டும். சென்ட்ரிங் பலகை அடுத்த சைட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக ஐந்தாம் நாள் முட்டைப் பிரிக்கிறவர் எந்த அனுபவத்தின் பெயரால் அதைச் செய்கிறார்?

6. "விரிசல் எந்த வீட்டில் இல்லை?" என்று கேட்பவர் விரிசலைப் படிக்கவில்லை.

பூச்சில் மயிரிழையாக ஓடும் கோடுகளுக்குப் பயப்பட வேண்டாம். கதவு மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், பீமின் முனைப் பக்கம் சாய்வாக விழும் விரிசல், பில்லரில் கம்பியின் தடத்திலேயே நெடுக ஓடும் விரிசல், வாரத்துக்கு வாரம் அகலும் விரிசல் ஆகியவை வேறு இனம். முதல் வகை அஸ்திவாரம் இறங்குவதையும், இரண்டாவது பீம் பாரத்தில் திணறுவதையும், மூன்றாவது உள்ளே கம்பி துருப்பிடித்து உப்புவதையும் சொல்லக்கூடும். அவற்றின் மேல் கான்ட்ராக்டர் உடனே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால், அவர் அழிப்பது சாட்சியத்தை. விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைத்தால், விரிசல் இன்னும் நகர்கிறதா என்பதை அது உடைந்து காட்டிவிடும். இவ்வளவு எளிய சோதனையைக்கூடச் செய்யவிடாதவரின் உறுதிமொழியை எப்படி நம்புவது?

குருகிராமின் சிண்டல்ஸ் பாரடைசோ குடியிருப்பில் 2022 பிப்ரவரி 10 அன்று ஆறாம் தளத்து வீடு ஒன்றில் புதுப்பிக்கும் வேலை நடந்தபோது அந்த வீட்டின் தரை இடிந்து, கீழுள்ள தளங்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தனர். அந்தக் காங்கிரீட்டில் குளோரைடு கலந்து கம்பியை அரித்திருந்ததை ஐ.ஐ.டி. டெல்லியின் ஆய்வு பிறகு வெளிப்படுத்தியது. வீட்டுக்குள் வேலை பார்த்தவர்கள் தட்டிய தளம் ஏற்கெனவே நோயாளி. வெளியே பூச்சு நன்றாகவே இருந்திருக்கலாம். உள்ளே பார்க்கும் கருவிகள் வேறு: ரீபவுண்ட் ஹாமர், மீயொலி சோதனை, கோர் எடுத்து நசுக்கிப் பார்ப்பது.

7. "அப்ரூவல் இருக்கிறதே" என்று நிம்மதியடையாதீர்கள்.

மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 மாலை இடிந்து விழுந்த பதினோரு மாடிக் கட்டடம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) திட்ட அனுமதி பெற்றது. 61 பேர் இறந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலாளர்கள். அதன் அருகில் நின்ற மற்றொரு கட்டடமும் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. திட்ட அனுமதி முதன்மையாகப் பார்ப்பது பக்க இடைவெளி, உயரம், தளப்பரப்பு, பயன்பாடு ஆகியவற்றை. கம்பியும் காங்கிரீட்டும் தாங்குமா என்ற பொறுப்பு கட்டுபவர் மேலும் கட்டமைப்புப் பொறியாளர் மேலும்தான் விழுகிறது. 2019-இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கட்டமைப்புப் பொறியாளர்களுக்குத் தனிப் பதிவு வைத்திருப்பது இந்தப் பொறுப்பை ஒரு பெயரோடு கட்டுவதற்காக. அந்தப் பெயரே இல்லாமல் வேலையைத் தொடங்கினால் பொறுப்பும் காற்றில் போகிறது.

சட்டம் பிறகு காப்பாற்றும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு சொல். 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) புதிய வீட்டின் கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்தாண்டுப் பொறுப்பை விற்பவர் மேல் சுமத்துகிறது. உங்கள் வீட்டைப் புதுப்பிக்க நீங்கள் வைக்கும் கான்ட்ராக்டர் அந்த வலைக்குள் வருவதில்லை. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான். இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஆனால் ஒப்பந்தமும் இல்லை, வரைபடமும் இல்லை, வாட்ஸ்அப்பில் "ஓகே சார்" மட்டும்தான் இருக்கிறது என்றால் எதை வைத்து நிரூபிப்பீர்கள்?

8. "என் வீடு, என் இஷ்டம்" என்பதற்கு வேளச்சேரியே பதில் சொல்லியிருக்கிறது.

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் ஐந்து பர்லாங் சாலையில் அடுக்குமாடிக்காக ஆழமாகத் தோண்டிய பள்ளத்தின் கரை சரிந்தது. பக்கத்தில் இருந்த கட்டடம் உள்ளே இறங்கியது. நாட்கணக்கில் தண்ணீரை இறைத்துத் தேடிய பிறகே இருவரின் உடல்கள் கிடைத்தன. ஒருவர் மனையில் தோண்டியது அடுத்தவர் மனையின் மண்ணைப் பறித்தது. சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில், அடுக்குமாடியின் ஒரே பில்லரை ஆறு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் கட்டடங்களில், கட்டமைப்பு ஒருவரின் தனிச்சொத்தாக இருக்க முடியாது. மேல்வீட்டுக்காரர் பால்கனியை உடைத்துப் படுக்கையறையோடு சேர்க்கும்போது கீழ்வீட்டுக்காரர் வரைபடத்தைக் கேட்பது உரிமை. அதை வம்பு என்று சொல்வது அநியாயம்.

9. கடைசியாக, செலவு.

இன்ஜினியரின் கட்டணம் மொத்த வேலையில் சிறு பங்கு. மாடுலர் கிச்சனுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் கேள்வி கேட்காமல் கொடுக்கும் பணத்தோடு வைத்துப் பாருங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்ட கான்ட்ராக்டருக்கு வேலை சீக்கிரம் முடிந்தால் லாபம். வேகத்தில் லாபம் பார்ப்பவரையே தரத்துக்கு நீதிபதியாக வைப்பது எந்த முறையிலும் சரியாகாது. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும்; நேர்மையானவருக்கும் தன் வேலையைத் தானே சோதிக்கும் சங்கடம் வேண்டாம். மேஸ்திரிக்கும் இதில் நீதி உண்டு. தனக்குக் கற்றுத்தராத கணக்கின் சுமையை அவர் தலையில் ஏற்றிவிட்டு, இடிந்தால் அவரைச் சிறைக்கு அனுப்பும் வழக்கம் கொடுமையானது. தளம் விழுந்தால் முதலில் அதன் கீழே நிற்பவர்கள் அவரும் சித்தாள்களும்தான்.

கட்டமைப்புப் பொறியியல் இந்த ஊருக்கு அந்நியமான வித்தை இல்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஒரு வாசல் வேளச்சேரியில் திறக்கிறது. தேசிய அளவிலான கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் பக்கத்துத் தரமணியில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் கிண்டியில். அறிவு இத்தனை பக்கத்தில் இருக்கும்போது அதைக் கேட்காமல் சுவரை உடைப்பதற்குச் சாக்கு ஏதும் இல்லை.

ஆகவே வீட்டைப் புதுப்பிக்கப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். கான்ட்ராக்டரிடம் சம்பளம் வாங்காத, பதிவு பெற்ற ஒரு கட்டமைப்புப் பொறியாளரை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வீட்டுக்கு வரவழையுங்கள். இடத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுபவரை ஏற்காதீர்கள். எந்தச் சுவர், எந்த பீம், எத்தனை கம்பி என்று எழுதிய வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். காங்கிரீட் கொட்டுவதற்கு முன் கம்பிக் கட்டை அவர் வந்து பார்க்கட்டும். நீங்கள் டேப் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். பணத்தைத் தவணையாகப் பிரித்து ஒவ்வொரு தவணையையும் அந்தச் சோதனையோடு கட்டுங்கள். சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்துங்கள்; கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும். கையெழுத்திட்ட வரைபடம் உங்கள் கைக்கு வரும்வரை ஒரு செங்கல்லையும் பெயர்க்க விடாதீர்கள்.